இலவசப் பதிவிறக்கங்கள் வழியே புதிய சுயாதீன இசையைக் கண்டடைவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஸ்ட்ரீமிங் செயலிகள் ஏற்கெனவே கேட்ட பாடல்களையும் அவற்றின் சாயலில் உள்ளவற்றையுமே திரும்பத் திரும்ப முன்வைக்கின்றன. பெரிய நிறுவனங்களைச் சாராமல் தாமே இசையமைத்து, தாமே வெளியிடும் கலைஞர்களின் புதிய இசையைச் சட்டத்துக்கு உட்பட்ட இலவசப் பதிவிறக்கங்கள் மூலம் தேடிக் கேட்க முடியுமா? முடியுமென்றால் எங்கே தொடங்குவது, எதைத் தவிர்ப்பது?

முடியும். வாழ்நாள் முழுவதும் கேட்டாலும் தீராத அளவுக்கு இசை கிடக்கிறது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போவது என்பதைவிட யாரைப் பின்தொடர்வது என்பதே இங்கே பயன்தரும் கேள்வி என்பது என் கருத்து. இலவச இசை குவிந்திருக்கும் எந்த இடத்திலும் தேடல் பெட்டியில் ஓர் இசைவகையின் பெயரை இட்டால் ஆயிரக்கணக்கான முடிவுகள் வரும். அவற்றில் பெரும்பாலானவற்றை அரை நிமிடத்துக்கு மேல் பொறுமையாகக் கேட்க இயலாது. நல்ல இசையிடம் நம்மைக் கொண்டுசேர்ப்பவர்கள் மனிதர்கள்தான்: லேபிள் எனப்படும் ஒரு சிறிய இசை வெளியீட்டு நிறுவனத்தை நடத்துபவர், இரவு நேர வானொலி நிகழ்ச்சிக்குப் பாடல் தேர்வு செய்பவர், நமக்குப் பிடித்த ஆல்பத்தை நமக்கு முன்பே வாங்கிவைத்திருக்கும் முகம் தெரியாத ஒரு ரசிகர். அவர்களுடைய தடம் எங்கே தெளிவாகத் தெரிகிறது என்பதை வைத்தே கீழே தளங்களை மதிப்பிட்டிருக்கிறேன்.

கலைஞர்கள் ஏன் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. எது இலவசமாகக் கிடைக்கும், எது கிடைக்காது என்பதைத் தீர்மானிப்பது அந்தக் காரணமே. புதிதாக வரும் ஒருவருக்கு ஸ்ட்ரீமிங் வருமானம் பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது ஒலிக்காத பாடலுக்கு ராயல்டி எதையும் ஒதுக்குவதில்லை. அந்த எல்லைக்குக் கீழே நிற்கும் கலைஞருக்கு, பாடலைக் கொடுத்துவிட்டு ஈடாகக் கேட்பவரின் மின்னஞ்சல் முகவரியைப் பெறுவது மேல். அடுத்த ஆல்பத்தைப் பற்றியும் அடுத்த நிகழ்ச்சியைப் பற்றியும் எந்த அல்காரிதத்தின் தயவும் இல்லாமல் அந்தக் கேட்பவரிடம் நேரே சொல்லலாம். நாய்ஸ்ட்ரேட் என்ற தளம் இந்தப் பண்டமாற்றை அடிப்படையாகக் கொண்டே உருவானது. மின்னஞ்சலும் அஞ்சல் குறியீடும் கொடுத்தவருக்கு ஆல்பம் கிடைத்தது.

இலவசமாகக் கொடுத்தால் விற்பனை அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கு மறுப்பாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, நைன் இன்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு 2008-இல் செய்த சோதனை. நிறுவன ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்திருந்த அக்குழு, 36 இசைத்துண்டுகள் கொண்ட ஒரு தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. வணிக நோக்கமின்றி யாரும் அதைப் பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். அப்படியிருந்தும் அந்த ஆண்டில் அமேசானின் எம்பி3 கடையில் மிக அதிகமாக விற்ற ஆல்பம் அதுவாகவே இருந்தது. இதைக் காட்டி எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்வது சரியல்ல. அக்குழுவுக்கு ஏற்கெனவே ஏறத்தாழ 20 ஆண்டுப் பெயர் இருந்தது. பெயர் தெரியாத ஒருவர் இலவசமாகக் கொடுப்பது விற்பதற்காக அன்று, யாராவது கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே இலவசமாகக் கிடைப்பவற்றில் சில வகைகளை அதிகமாகக் காணலாம்: புதிய ஆல்பத்திலிருந்து முன்னோட்டமாக ஒரு பாடல், புதியது வெளிவந்த பிறகு விலை நீக்கப்பட்ட பழைய ஆல்பம், ஒத்திகைப் பதிவு, நேரடி நிகழ்ச்சிப் பதிவு, மற்றொருவரின் பாடலுக்குச் செய்த ரீமிக்ஸ், ஒரு லேபிள் தன் கலைஞர்கள் அனைவரையும் அறிமுகப்படுத்த வெளியிடும் தொகுப்பு. கடைசியாகச் சொன்ன தொகுப்பைப் பற்றிப் பின்னர் விளக்குகிறேன், தேடுபவருக்கு அதைவிடப் பயனுள்ள வடிவம் வேறில்லை.

முதலில் போக வேண்டிய இடம் பேண்ட்கேம்ப். 2008-இல் தொடங்கப்பட்ட இத்தளத்தில் கலைஞரோ லேபிளோ தம் பக்கத்தைத் தாமே நடத்துகிறார்கள்; விலையையும் தாமே வைக்கிறார்கள். 'விரும்பிய விலை கொடுக்கலாம்' என்று அமைத்து, குறைந்தபட்ச விலை எதுவும் வைக்காமல் விட்டிருந்தால், விலைக் கட்டத்தில் பூஜ்யம் என்று இட்டு ஆல்பம் முழுவதையும் பதிவிறக்கிக்கொள்ளலாம். பூஜ்யம் இட்டவருக்கும் பணம் கொடுத்தவருக்கும் கிடைக்கும் கோப்பில் வேறுபாடில்லை: எம்பி3, ஏஏசி, ஓக் வோர்பிஸ் ஆகியவற்றுடன் தரம் குறையாத ஃபிளாக், வேவ் வடிவங்களும் தரப்படுகின்றன. சில பக்கங்களில் மின்னஞ்சல் முகவரி கேட்கப்படும். அதற்கென்று தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்வது, அன்றாட அஞ்சல் பெட்டி நிரம்பி வழியாமல் காக்கும். கலைஞர்களின் அறிவிப்புகளை ஆறுதலாகப் படிக்கவும் உதவும்.

பலர் அறியாத ஒரு செய்தி இங்கே உண்டு. பேண்ட்கேம்பில் ஒரு கலைஞர் மாதந்தோறும் 200 இலவசப் பதிவிறக்கங்களை மட்டுமே செலவின்றி வழங்க முடியும். அந்த ஒதுக்கீடு தீர்ந்தால் அவர் தம் கைப்பணத்தைக் கொடுத்து மேலும் வாங்க வேண்டும். ஒருவர் பூஜ்யம் இட்டு எடுக்கும் ஒவ்வொரு ஆல்பமும் அந்த 200-இல் ஒன்றைக் கழிக்கிறது. எனவே கேட்கும் எண்ணமின்றி ஒரே மாலையில் ஐம்பது ஆல்பங்களை வாரிச் சேர்ப்பது, நமக்கு இடத்தை அடைப்பதோடு, உண்மையில் கேட்கக்கூடிய வேறொருவரின் வாய்ப்பையும் தின்றுவிடும். பக்கத்திலேயே முழுப் பாடலையும் ஒலிக்கவிட்டுக் கேட்க முடிகிறபோது, முதலில் கேட்டுவிட்டுப் பிறகு எடுப்பதே முறை. மற்றொன்று: பூஜ்யம் இட்டு எடுத்தவை பொதுவாக உங்கள் கணக்கின் சேகரிப்பில் சேர்வதில்லை. நாளைக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், கலைஞர் அதற்குள் விலை வைத்திருக்கலாம், பக்கத்தையே நீக்கியிருக்கலாம்.

ஆனால் பேண்ட்கேம்பை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அங்கே கிடைக்கும் கோப்புகள் அல்ல, ஒவ்வொரு ஆல்பத்தின் பக்கத்திலும் வரிசையாகத் தெரியும் சிறு படங்கள். அந்த ஆல்பத்தை வாங்கியவர்கள் அவர்கள். அவற்றில் ஒன்றைத் தொட்டால் அவருடைய சேகரிப்பு முழுவதும் திறக்கும். உங்களுக்கு மிகவும் பிடித்த, ஆனால் அதிகம் பேர் அறியாத ஓர் ஆல்பத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். புகழ்பெற்ற ஆல்பம் இதற்கு உதவாது, ஏனெனில் எல்லா ரசனைக்காரர்களும் அதை வாங்கியிருப்பார்கள். வாங்கியவர்கள் முப்பது நாற்பது பேர் மட்டுமே உள்ள ஆல்பத்தில், அவர்களுள் சிலருடைய ரசனை உங்களுடையதை வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருக்கும். அப்படிப்பட்ட ஒருவரின் சேகரிப்பில் நீங்கள் ஏற்கெனவே நேசிக்கும் வேறு இரண்டு மூன்று ஆல்பங்கள் தென்பட்டால், மீதமுள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். விலை குறிக்கப்படாதவை இடையிடையே வரும். எந்தப் பரிந்துரை இயந்திரமும் எனக்கு இந்த அளவுக்குப் பலன் தந்ததில்லை. காரணம் எளிது: இயந்திரம் எதைக் கேட்டார்கள் என்று எண்ணுகிறது, சேகரிப்போ எதற்குப் பணம் கொடுக்கும் அளவுக்குப் பிடித்திருந்தது என்று காட்டுகிறது.

கலைஞர்கள் தாமே இடும் டேக் எனப்படும் குறிச்சொற்களும் அங்கே உதவும். இசைவகையை மட்டும் தேடாமல் ஊர்ப் பெயர், கருவியின் பெயர், பதிவு செய்த முறை ஆகியவற்றைச் சேர்த்துத் தேடினால் முடிவுகள் சுருங்கும். சுருங்கச் சுருங்கத் தரம் கூடும் என்பதே என் கணிப்பு.

இன்டர்நெட் ஆர்க்கைவ் முற்றிலும் வேறு தன்மையது. 1996-இல் தொடங்கப்பட்ட இந்த லாபநோக்கற்ற எண்ணிம நூலகத்தில் நெட்லேபிள்கள் என்றொரு பெரும் பிரிவு இருக்கிறது. இசைத்தட்டோ குறுந்தகடோ வெளியிடாமல், இணையத்தில் மட்டுமே, பெரும்பாலும் இலவசமாக இசை வெளியிட்ட லேபிள்கள் இவை. இவற்றின் வேர் 1980களின் இறுதிக்குப் போகிறது. அமிகா கணினிக்காக 1987-இல் வந்த ஒரு மென்பொருள், ஒலித்துணுக்குகளையும் அவற்றை எந்த வரிசையில் வாசிப்பது என்ற குறிப்பையும் ஒரே சிறு கோப்பில் அடைக்க வழிசெய்தது. மோட் எனப்பட்ட அந்தக் கோப்பு சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும் என்பதால், மெதுவான தொலைபேசி இணைப்பிலும், புல்லட்டின் போர்டு எனப்பட்ட அக்காலக் கணினிப் பகிர்வு மையங்கள் வழியே உலகெங்கும் பரவியது. கணினியில் இசையும் வரைகலையும் செய்து பரிமாறிக்கொண்ட, டெமோசீன் என்று அழைக்கப்பட்ட கூட்டத்தில் இசையை விற்பது என்ற எண்ணமே இல்லை. பெயரும் பாராட்டும்தான் ஊதியம். எம்பி3 பரவியபோது அவர்களில் பலர் அதே மனநிலையோடு லேபிள்களைத் தொடங்கினார்கள். 1996-இல் தொடங்கிய மோனோடோனிக் அவற்றில் முன்னோடி.

இந்தப் பின்னணி தெரிந்தால் அங்கே என்ன எதிர்பார்க்கலாம் என்பதும் விளங்கும். ஆம்பியன்ட், டெக்னோ, டப், இரைச்சல் இசை, பரிசோதனை இசை ஆகியவை ஏராளம். குரலோடு கூடிய பாடல்கள் குறைவு. தனிப் பாடலைத் தேடாதீர்கள், லேபிளைத் தேடுங்கள். ஒரு லேபிளின் பட்டியலில் ஏதேனும் இரண்டு வெளியீடுகளைக் கேட்டாலே அதை நடத்தியவரின் காது எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பிடித்திருந்தால் அந்தப் பட்டியலை முதலிலிருந்து இறுதிவரை கேட்கலாம். இல்லையென்றால் தயக்கமின்றி விட்டுவிடலாம். பல லேபிள்கள் இப்போது இயங்குவதில்லை, ஆனால் வெளியீடுகள் அங்கேயே இருக்கின்றன, அவற்றில் பங்கேற்றவர்கள் வேறு பெயரில் இன்றும் இசையமைத்துக்கொண்டிருக்கலாம். அதே ஆர்க்கைவில் 2002 முதல் இயங்கும் நேரடி இசைப் பிரிவில், தம் நிகழ்ச்சிகளை ரசிகர்கள் பதிவு செய்யவும் பகிரவும் அனுமதித்த குழுக்களின் பதிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. நீண்ட கிதார் வாசிப்பில் ஈடுபாடு உள்ளவருக்கு அது பெரும் புதையல். மற்றவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் 2009-இல் டபிள்யூஎஃப்எம்யூ என்ற அமெரிக்கச் சுயாதீன வானொலி நிலையத்தால் தொடங்கப்பட்டது. அதன் வலிமை முழுவதும் தேர்வாளர்களிடம் இருந்தது; யாரும் எதையும் ஏற்றிவிட முடியாதபடி, வானொலி நிலையங்களும் லேபிள்களும் அமைப்புகளும் தாம் கேட்டுத் தேர்ந்தவற்றை அங்கே சேர்த்தன. 2018-இல் நிதி நெருக்கடியால் மூடும் நிலைக்கு வந்து, கைமாறி, 2019-இல் நெதர்லாந்தின் ட்ரைப் ஆஃப் நாய்ஸ் நிறுவனத்திடம் சேர்ந்தது. அந்தச் சேகரிப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சான்று: இசையைக் கணினிக்குப் பகுத்தறியக் கற்பிக்கும் ஆய்வுக்காக அதிலிருந்து உருவாக்கப்பட்ட தரவுத் தொகுப்பில் மட்டும் 16,341 கலைஞர்களின் 106,574 பாடல்கள் இருக்கின்றன. பழைய தேர்வாளர்கள் சேர்த்த பகுதியிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன். லக்ஸம்பர்க்கிலிருந்து இயங்கும் ஜமெண்டோவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இசையை வழங்குகிறது. ஆனால் அதில் காணொளிகளுக்குப் பின்னணியாக ஒலிக்கவென்றே செய்யப்பட்ட இசை மிகுதி என்பதால், கேட்பதற்காக இசை தேடுபவர் பொறுமையோடு சலிக்க வேண்டும்.

யாரும் தம் ஒலிக்கோப்புகளை ஏற்றிப் பகிரக்கூடிய சவுண்ட்கிளவுடில் நிலைமை இன்னும் கலவையானது. ஏற்றியவர் அனுமதித்திருந்தால் பாடலின் கீழேயே பதிவிறக்க வசதி இருக்கும். மின்னணு நடன இசையிலும் ஹிப் ஹாப்பிலும் வேறெங்கும் வெளிவராத ரீமிக்ஸ்களும் அரைகுறை வரைவுகளும் அங்கேதான் கிடைக்கும். ஒரு கலைஞர் மற்றவர்களின் எந்தப் பாடல்களை மறுபகிர்வு செய்கிறார் என்பதைப் பார்ப்பது அங்கே மிகச் சிறந்த தடம். தொல்லை என்னவென்றால், 'இலவசப் பதிவிறக்கம்' என்ற இணைப்பு பல வேளைகளில் ஹைப்பெடிட் போன்ற வேறொரு தளத்தின் வாயிலுக்கு இட்டுச்செல்லும். உங்கள் கணக்கின் வழியே நான்கு பேரைப் பின்தொடரவும், பாடலை மறுபகிர்வு செய்யவும், கருத்திடவும் அந்த வாயில் அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்கள் பெயரில் உங்களுக்குத் தெரியாத பாடல்களுக்குப் பாராட்டு போகும். எடுத்த பிறகு கணக்கின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, இணைக்கப்பட்ட செயலிகளின் பட்டியலிலிருந்து அந்த அனுமதியை நீக்கிவிட வேண்டும். அல்லது அந்த வாயிலைக் கடக்காமலே இருந்துவிடலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

வானொலியையும் வலைப்பதிவுகளையும் குறிப்பிடாமல் விட முடியாது. சியாட்டலின் கேஈஎக்ஸ்பி நிலையம் சுயாதீனக் கலைஞர்களின் பாடல்களை 'இன்றைய பாடல்' என்ற பாட்காஸ்ட் வழியே வழங்கிவந்திருக்கிறது. குழுவினாலும் ரசிகராலும் அல்லாமல், பாடல் தேர்வையே தொழிலாகக் கொண்டவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதே அவற்றின் சிறப்பு. 2000களின் தொடக்கத்தில் தழைத்த எம்பி3 வலைப்பதிவுகளில் பெரும்பாலானவை நின்றுபோயின. எஞ்சியவற்றின் பதிவுகளைத் திரட்டித் தரும் ஹைப் மெஷின் 2005 முதல் இருந்துவருகிறது.

இப்போது கேட்கும் முறைக்கு வருகிறேன். தொகுப்பு ஆல்பங்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றைவிடப் பயனுள்ள வடிவம் வேறில்லை என்று மேலே சொன்னதன் காரணம் இது: ஒரே பதிவிறக்கத்தில் பதினைந்து இருபது கலைஞர்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் தம் வலுவான பாடலையே கொடுத்திருப்பார்கள், அனைவரையும் ஒரே காது தேர்ந்தெடுத்திருக்கும். அதில் மூன்று பாடல்கள் பிடித்தாலே போதும், பின்தொடர மூன்று தடங்கள் கிடைத்துவிட்டன. பிறகு ஆல்பக் குறிப்புகளைப் படியுங்கள். யார் ஒலிக்கலவை செய்தார், யார் மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் சீரமைப்பைச் செய்தார், எந்த லேபிள் வெளியிட்டது, விருந்தினராக யார் வாசித்தார் என்ற விவரங்கள் சுயாதீன வெளியீடுகளில் பெரும்பாலும் தரப்பட்டிருக்கும். சிறிய இசைவட்டங்களில் இதே நாலைந்து பேர் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வார்கள். ஆகவே ஒரு மாஸ்டரிங் பொறியாளரின் பெயரைத் தேடினால், பெயரே கேள்விப்படாத ஒரு வட்டம் முழுவதும் கண்முன் விரியும். பாடகரின் பெயரை மட்டும் பின்தொடர்பவருக்கு இது ஒருபோதும் அகப்படாது.

எடுத்ததைக் கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு தடவைக்கு நாலைந்து ஆல்பங்களுக்கு மேல் எடுக்காமல், இணைய இணைப்பில்லாத கருவியில் இட்டு, முழுமையாகக் கேட்பதையே நான் சிபாரிசு செய்வேன். அடுத்த பாடலுக்குத் தாவச் செய்யும் பரிந்துரைப் பட்டியல் அங்கே இருக்காது. முதல் முறை கேட்டுப் பிடிக்காததை உடனே அழிக்க வேண்டாம், இரண்டாம் முறை கேட்டும் எதுவும் மனத்தில் நிற்கவில்லையென்றால் அழித்துவிடுங்கள். அழிக்காமல் சேர்ப்பவரின் கணினியில் கேட்காத இசை மலைபோலக் குவிந்து, நல்லதும் அதற்குள் புதைந்துபோகும்.

செயற்கை நுண்ணறிவால் நொடிகளில் உருவாக்கி ஏற்றப்படும் இசை இன்று இலவசத் தளங்கள் எங்கும் கலந்திருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் அதைப் பிரித்தறிவது கடினமாகிவருகிறது; ஆனால் பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஊகிக்கலாம். குறுகிய காலத்தில் ஏராளமான ஆல்பங்கள், பங்கேற்றவர் பெயர் எதுவும் இல்லாமை, நேரடி நிகழ்ச்சி ஒன்றின் தடயமும் இல்லாமை, பிற கலைஞர்களோடு எந்தத் தொடர்பும் காட்டாமை ஆகியவை ஒன்றுசேர்ந்தால் சந்தேகப்படலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒருவரைக் குற்றஞ்சாட்டக் கூடாது. தனியாக வீட்டில் அமர்ந்து இசையமைக்கும் கூச்ச சுபாவமுள்ள கலைஞர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

உரிமம் பற்றிய குழப்பம் பலருக்கும் உண்டு. கலைஞரோ அவர் அனுமதி பெற்றவரோ வழங்கும் பதிவிறக்கத்தை உங்கள் சொந்தக் கேட்புக்காக எடுத்துக்கொள்வதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் விலையின்றிக் கிடைத்ததாலேயே அதை உங்கள் காணொளியில் சேர்க்கவோ வேறு தளத்தில் ஏற்றவோ உரிமை வந்துவிடாது. உரிமம் எதுவும் குறிக்கப்படவில்லையெனில் முழுப் பதிப்புரிமையும் கலைஞரிடமே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். 2002 முதல் புழக்கத்தில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இந்த இடத்தில்தான் உதவுகின்றன. அவற்றுள் எளியது, கலைஞரின் பெயரைக் குறிப்பிட்டால் எதற்கும் பயன்படுத்தலாம் என்கிறது; வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றி அமைக்கக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனைகள் தனித்தனியாகவோ சேர்ந்தோ மற்றவற்றில் வரும். மாற்றக் கூடாது என்ற நிபந்தனை உள்ள இசையைக் காணொளிக் காட்சியோடு பொருத்துவதே மாற்றமாகக் கருதப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உரிமம் சரியாக இருந்தும், வேறு யாரோ அதே பாடலைத் தம் பெயரில் பதிந்துவைத்ததால் காணொளித் தளங்களில் தானியங்கி உரிமைக்கோரல் வருவதும் உண்டு. எனவே பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், உரிமம் தெரியும் பக்கத்தைத் தேதியோடு சேமித்துவைப்பது அவசியம்.

சட்டவிரோதத் தளங்களை அடையாளம் காண்பது கடினமன்று. பெரிய நிறுவனங்களின் புத்தம்புதிய பாடல்களும் அறியாத கலைஞர்களின் பாடல்களும் ஒரே பக்கத்தில், யாருடைய அனுமதி பற்றிய குறிப்பும் இல்லாமல் அடுக்கப்பட்டிருந்தால், அவை திருடப்பட்டவை. ஒரே பக்கத்தில் மூன்று நான்கு பதிவிறக்கப் பொத்தான்கள் தெரிந்தால் அவற்றில் பெரும்பாலானவை விளம்பரங்கள். இசைக்கோப்பின் பெயர் எம்பி3 என்றோ ஃபிளாக் என்றோ முடிய வேண்டும், ஆல்பம் முழுவதும் என்றால் ஜிப் என்று முடியலாம். இயக்கக்கூடிய நிரலாகவோ 'பதிவிறக்க உதவி' மென்பொருளாகவோ ஏதேனும் வந்தால் திறக்காமல் அழித்துவிட வேண்டும். உலாவியில் அறிவிப்புகளை அனுமதிக்கக் கேட்டால் மறுத்துவிட வேண்டும். காணொளிகளிலிருந்து ஒலியை மட்டும் உருவித் தரும் தளங்களும் இந்த வகையில் சேர்ந்தவையே. அவற்றில் கிடைக்கும் ஒலித்தரமும் மட்டமானது, கலைஞருக்கு நீங்கள் ஒருவர் கேட்டீர்கள் என்ற செய்தி கூடப் போய்ச்சேராது.

எந்த வடிவத்தில் எடுப்பது? நான்கு நிமிடப் பாடல் ஒன்று விநாடிக்கு 128 கிலோபிட் எம்பி3-யாக ஏறத்தாழ 4 மெகாபைட், 320 கிலோபிட் எனில் 10 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு, குறுந்தகட்டுத் தரத்தில் ஃபிளாக் ஆக இருந்தால் பொதுவாக 25 முதல் 30 மெகாபைட் வரை. கைபேசியில் கேட்க 320 போதும். பெரும்பாலானோர் காதுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் எம்பி3-யை ஏஏசி போன்ற மற்றொரு வடிவத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் தரம் இழக்கும், ஃபிளாக்கிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வைத்துப் பாதுகாக்க விரும்பும் ஆல்பத்தை ஃபிளாக்கில் எடுப்பதற்கு அதுவே காரணம். ஃபிளாக் என்று சொல்லித் தரப்படும் கோப்பு உண்மையில் பழைய எம்பி3-யை மாற்றியதா என்ற ஐயம் எழுந்தால், ஒலியின் அலைவெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். 128 கிலோபிட் எம்பி3-யில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதி கத்தரித்தது போல வெறுமையாகத் தெரியும்.

எடுத்தவற்றுக்கு நகல் வைத்துக்கொள்வதை ஒருவரும் அலட்சியம் செய்ய வேண்டாம். சுயாதீனக் கலைஞர்களின் பாடல்களை இலவசமாக வழங்கிப் புகழ்பெற்ற எம்பி3.காம் தளத்தின் பழைய சேகரிப்பு, அத்தளம் கைமாறியபோது 2003-இன் இறுதியில் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம், சேவையக மாற்றத்தின்போது பல ஆண்டுகளாக ஏற்றப்பட்ட இசையை இழந்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. இழந்தவை சுமார் 5 கோடிப் பாடல்கள் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. அவற்றில் ஏறத்தாழ 4,90,000 பாடல்கள் மட்டும், முன்பே ஆய்வுக்காகப் படியெடுத்து வைத்திருந்த ஒரு குழுவின் வழியாகப் பின்னர் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு வந்துசேர்ந்தன. பேண்ட்கேம்ப் கூட 2022-இல் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்திடமும் 2023-இல் சாங்ட்ரேடர் என்ற இசை உரிம நிறுவனத்திடமும் கைமாறியிருக்கிறது. சேவை தொடர்ந்து நடக்கிறது, அஞ்ச வேண்டிய காரணம் எதுவும் இப்போது தெரியவில்லை. என்றாலும் உங்கள் வட்டில் உள்ள நகலுக்கு உரிமையாளர் மாறுவதில்லை.

பாடல் பெயர், கலைஞர் பெயர் போன்ற, கோப்புகளின் உள்விவரங்களை ஒழுங்குபடுத்த மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட், எம்பி3டேக் ஆகிய மென்பொருள்கள் உள்ளன. மிகச் சிறிய வெளியீடுகள், பிக்கார்ட் விவரங்களை எடுக்கும் மியூசிக்பிரெயின்ஸ் தரவுத்தளத்தில் இல்லாமலிருக்கலாம், அப்போது கையால் நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பும்போது கருத்துரைப் புலத்தில் இரண்டு விவரங்களைச் சேர்த்துவிடுங்கள்: பாடலை எடுத்த பக்கத்தின் முழு முகவரி, அப்போது அங்கே குறிக்கப்பட்டிருந்த உரிமம். ஓராண்டுக்குப் பிறகு அந்த ஆல்பம் உங்களுக்கு நெருக்கமானதாகிவிட்டால், அதே பக்கத்துக்குத் திரும்பிச் சென்று இந்த முறை விலைக் கட்டத்தில் ஒரு தொகையை இடலாம். வழக்கமாக எண்ணிம விற்பனையில் 15 சதவீதம் பேண்ட்கேம்ப் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச் முதல் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கைத் தளம் விட்டுக்கொடுக்கிறது. அந்த நாள்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன என்பதால், வாங்க நினைத்தவற்றை ஒரு பட்டியலாகச் சேர்த்துவைத்து அன்று வாங்குவது கலைஞருக்குக் கூடுதல் தொகை சேர வழிசெய்யும்.